லஸ் வீட்டில் நடந்த இயற்பியல் வகுப்பு

1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது அதற்கென்று ஒரு வகுப்பறைகூட இல்லை. பாடம் சொல்லும் பேராசிரியர் ஒருவரும் இல்லை. லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்ட அந்த அமைப்பின் வேலை பாடத்திட்டம் வகுப்பதும், தேர்வு நடத்துவதும், பட்டம் வழங்குவதும்தான். கற்பிப்பது கல்லூரிகளின் பொறுப்பு. ஒருவர் பாடம் நடத்துவார், கேள்வித்தாளை வேறொருவர் தயாரிப்பார். இந்த ஏற்பாட்டில் மாணவருக்குக் கிடைத்தது ஏற்கெனவே விடை கண்டுபிடித்து முடித்த இயற்பியல். விடை தெரியாத கேள்விக்குத் தேர்வில் இடம் இல்லை. அதனால் வகுப்பிலும் இடம் இல்லாமல் போயிற்று.

அப்படியிருந்தும் சி.வி. ராமன், கே.எஸ். கிருஷ்ணன், எஸ். சந்திரசேகர் ஆகிய மூவரும் இந்த நகரத்தின் கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய இளமைக் காலத்தையும், பிற்பாடு மயிலாப்பூரில் ஒரு வீட்டில் நடந்த கருத்தரங்கையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். சென்னையில் இயற்பியல் கல்வி மேலெழுந்த தருணங்கள் பெரும்பாலும் கால அட்டவணைக்குள் அடங்காத நேரங்களில்தான் நேர்ந்தன. அந்த நேரங்களுக்கு ஒரு நிலையான இடம் கிடைக்க நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

கோனிக்ஸ்பெர்க்கும் மியூனிக்கும்

சென்னையில் பல்கலைக்கழகம் வருவதற்கு 23 ஆண்டுகள் முன்பே, பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரத்தில் வேறு வகையான கல்வி தொடங்கிவிட்டது. அங்கே 1834-இல் ஃபிரான்ஸ் நாய்மன் என்ற இயற்பியலாளரும் கார்ல் யாக்கோபி என்ற கணிதவியலாளரும் சேர்ந்து கணிதத்துக்கும் இயற்பியலுக்குமாக ஒரு செமினாரை ஏற்படுத்தினார்கள். விரிவுரையைக் கேட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டு போவது அதில் போதாது. மாணவர் தாமே கணக்கிட வேண்டும். தாமே அளக்க வேண்டும். அளந்ததில் பிழை எவ்வளவு இருக்கக்கூடும் என்பதையும் காட்ட வேண்டும். ஆய்வுக்கூடம் கட்டித்தர அரசு முன்வராத நிலையில், மனைவி வழியில் வந்த சொத்தைக் கொண்டு 1847-இல் தம் வீட்டோடு ஒரு ஆய்வுக்கூடத்தை அமைத்துக்கொண்டார் நாய்மன்.

அதே ஊரில் பிறந்து, அதே பல்கலைக்கழகத்தில் 1891-இல் முனைவர் பட்டம் பெற்றவர் ஆர்னால்ட் சோமர்ஃபெல்ட். 1906 முதல் மியூனிக்கில் அவர் நடத்திய துறை, இயற்பியலை எப்படிக் கற்பிக்க வேண்டும் என்பதற்கு உலகம் பார்த்த ஓர் எடுத்துக்காட்டு. இயக்கவியலில் தொடங்கி மின்காந்தவியல், ஒளியியல், வெப்ப இயக்கவியல் என்று வரிசையாகப் போகும் அடிப்படைப் பாடங்களை அவரே நடத்துவார். கூடவே, அன்றைய ஆராய்ச்சிக் கட்டுரைகளை அலசும் கருத்தரங்கும் நடக்கும். 1920-இல் பல்கலைக்கழகத்துக்குள் அப்போதுதான் காலெடுத்து வைத்திருந்த வெர்னர் ஹைசன்பர்க்கை முதல் பருவத்திலேயே அந்தக் கருத்தரங்கில் உட்கார விட்டார் சோமர்ஃபெல்ட். வோல்ஃப்காங் பவுலியும் ஹான்ஸ் பேத்தேயும் அவரிடம் படித்தவர்கள்தான்.

தொடக்கப் பாடமும் முனைவர் ஆய்வும் அங்கே ஒரே கட்டடத்தில், ஒரே ஆசிரியரிடம் கிடைத்தன. சென்னை மாணவருக்கு அவ்விரண்டுக்கும் நடுவே ஒரு கப்பல் பயணம் இருந்தது.

ஜோன்ஸ் கொடுத்த சுதந்திரம்

1903-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. வகுப்பில் சேர்ந்தபோது ராமனுக்குப் பதினைந்து வயதுகூட நிரம்பவில்லை. 1904-இல் பல்கலைக்கழகத்திலேயே முதலாவதாகத் தேறி, இயற்பியலுக்கான தங்கப் பதக்கத்தையும் பெற்றார். அடுத்து எம்.ஏ. அங்கே இயற்பியல் பேராசிரியர் ஆர்.எல். ஜோன்ஸ், இந்த மாணவருக்குச் செய்த பெரிய உதவி, அவரை அவர் போக்கில் விட்டதுதான். வகுப்புக்கு வந்தே ஆக வேண்டும் என்று நெருக்கவில்லை. ஆய்வுக்கூடத்துக் கருவிகளை விருப்பம்போலக் கையாள விட்டார்.

அந்தச் சுதந்திரத்தில் விளைந்தது ஒரு கட்டுரை. நிறமாலைமானியில் முப்பட்டகத்தின் கோணத்தை அளப்பது இயற்பியல் மாணவர் எல்லோரும் செய்கிற வழக்கமான செய்முறை. அதைச் செய்யும்போது, முப்பட்டகத்தின் முகத்தில் ஒளி மிகச் சாய்வாக விழுந்தால் தோன்றும் விளிம்புவிளைவுப் பட்டைகள் இரு பக்கமும் ஒரே மாதிரி இல்லை என்பதை ராமன் கவனித்தார். செய்முறைக் குறிப்பேட்டில் அதற்கு இடமில்லை, மதிப்பெண்ணும் இல்லை. ஆனால் அவர் அதை விடாமல் பின்தொடர்ந்தார். செவ்வகத் துளையில் நிகழும் சமச்சீரற்ற விளிம்புவிளைவு பற்றிய அந்தக் கட்டுரை, 1906 நவம்பரில் லண்டனின் ‘பிலாசாபிகல் மேகசின்’ இதழில் வெளிவந்தது. எழுதியவருக்கு வயது 18.

1907 ஜனவரியில் எம்.ஏ. முடிந்தது. அதற்கு மேல் படிக்க, ஆராய இங்கே படி எதுவும் இல்லை. உடல்நிலை இங்கிலாந்தின் குளிரைத் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால் கப்பல் பயணமும் இல்லை. இந்திய நிதித்துறைத் தேர்வை எழுதி, கல்கத்தாவில் கணக்குத் துறை அதிகாரியானார். அலுவலக நேரத்துக்கு முன்பும் பின்பும் பவுபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தார். 1917-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவி வரும்வரை பத்தாண்டுகள் இப்படியே போயின. நாட்டின் மிகச் சிறந்த இயற்பியல் மாணவர் ஒருவருக்கு, அவர் படித்த படிப்பு அடுத்த கட்டத்தைக் காட்டவில்லை என்பதை இந்தப் பத்தாண்டுகளைவிடத் தெளிவாகச் சொல்லக்கூடியது வேறில்லை.

ஒரு மதிய இடைவேளை

வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் படித்தவர். படித்து முடித்ததும் கிறித்தவக் கல்லூரியிலேயே வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்தார். கல்லூரி அப்போது தாம்பரத்துக்குப் போகவில்லை. ஜார்ஜ் டவுனில் இருந்தது. மதிய உணவு இடைவேளையில் மாணவர்கள் அவரைச் சுற்றிக் கூடுவார்கள். இயற்பியல், வேதியியல், கணிதம் என்று எதைப் பற்றியும் கேட்கலாம். எந்தக் கேள்விக்கும் தடை இல்லை. பிற கல்லூரிகளிலிருந்தும் மாணவர்கள் அதற்கு வந்ததாகக் குறிப்புகள் உண்டு.

டெமான்ஸ்ட்ரேட்டர் என்பது ஆசிரியர் வரிசையில் கடைசிப் பதவி. அந்தப் பதவியில் இருந்த இளைஞர் ஒருவர் நடத்திய அந்த இடைவேளைக் கூட்டம், சென்னை அன்று கண்டிருந்த வகுப்புகளில் ஒரு செமினாருக்கு மிக நெருங்கி வந்தது. பின்னர் 1920-இல் கிருஷ்ணன் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார். 1928 பிப்ரவரியில் ராமன் விளைவு கண்டறியப்பட்டபோது ராமனுக்குத் துணை நின்றவர் அவரே.

சோமர்ஃபெல்ட் கையில் கொடுத்த அச்சுப்படிகள்

சந்திரசேகர் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தது 1925-இல். இரண்டாண்டு இன்டர்மீடியட்டுக்குப் பிறகு மூன்றாண்டு ஆனர்ஸ். அவருடைய விருப்பம் கணிதம். தந்தையின் விருப்பம் இயற்பியல். இயற்பியல் ஆனர்ஸில் பெயரைக் கொடுத்துவிட்டு, கணித வகுப்புகளிலும் போய் உட்கார்ந்தார். கல்லூரி அதைத் தடுக்கவில்லை. 1928 கோடை விடுமுறையில் கல்கத்தாவில் சிற்றப்பா ராமனின் ஆய்வுக்கூடத்தில் சில வாரங்கள் இருந்தார். அங்கே கிருஷ்ணனோடும் பழகினார். கருவிகளோடு வேலை செய்வது தம் வழி அல்ல, கோட்பாடே தம் வழி என்பது அங்கே அவருக்குத் தெளிவானது.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்து உரையாற்றினார். சோமர்ஃபெல்டின் அணு அமைப்பு நூலைச் சந்திரசேகர் தாமாகவே படித்திருந்தார். உரை முடிந்த மறுநாள், அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே போய்ப் பார்த்தார். பதினெட்டு வயது மாணவருக்குக் கிடைத்த பதில் அதிர்ச்சியானது: அந்த நூலில் உள்ளது பழைய இயற்பியல், ஷ்ரோடிங்கர், ஹைசன்பர்க், டிராக் முதலானோர் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள். அதோடு நிறுத்தாமல், உலோகங்களில் எலக்ட்ரான்கள் எப்படி இயங்குகின்றன என்பது குறித்துப் புதிய புள்ளியியலைக் கொண்டு தாம் எழுதி, அப்போது அச்சில் இருந்த கட்டுரையின் மெய்ப்புப் படிகளையும் சோமர்ஃபெல்ட் அவர் கையில் கொடுத்தார்.

மியூனிக் மாணவருக்கு முதல் பருவத்தில் கிடைத்தது சென்னை மாணவருக்கு ஒரு ஹோட்டல் அறையில், ஒரே சந்திப்பில் கிடைத்தது. அதைச் சந்திரசேகர் வீணாக்கவில்லை. அந்த மெய்ப்புப் படிகளைப் படித்து, ஃபெர்மி-டிராக் புள்ளியியலைக் கற்றுக்கொண்டு, அதைக் காம்ப்டன் சிதறலுக்குப் பொருத்தி ஒரு கட்டுரை எழுதினார். கேம்பிரிட்ஜில் இருந்த ஆர்.எச். ஃபௌலருக்கு அனுப்பினார். 1929-இல் அது ராயல் சொசைட்டியின் நடவடிக்கை இதழில் வெளிவந்தது. எழுதியவர் அப்போதும் ஆனர்ஸ் மாணவர்தான். அதே ஆண்டு ஹைசன்பர்க் சென்னைக்கு வந்தபோது அவருக்கு ஊரைச் சுற்றிக் காட்டியவரும் சந்திரசேகரே.

1930 ஜூலை இறுதியில் பம்பாயிலிருந்து கப்பல் ஏறினார். வெண்குள்ள விண்மீன்களின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்ற கணக்கை அந்தப் பயணத்தில்தான் போட்டார். அதன் அடித்தளம் மெரினாவை ஒட்டிய கல்லூரியில், பாடத்திட்டத்துக்குப் புறத்தே படித்த புள்ளியியல். 1983-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கிண்டியில் ஒரு தொடக்கம்

1923-இல் வந்த சட்டம் சென்னைப் பல்கலைக்கழகத்தைக் கற்பிக்கும் பல்கலைக்கழகமாகவும் மாற்றியது. ஆனால் இயற்பியலில் அதன் பலன் முழுமையாகத் தெரிந்தது 1952-இல், துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் காலத்தில்தான். கிண்டி வளாகத்தில் இயற்பியல் துறைக்குத் தலைமை ஏற்க ராமனின் மாணவர் ஜி.என். ராமச்சந்திரன் வந்தார். அப்போது அவருக்கு முப்பது வயதுதான். அருகில் இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு கொலாஜன் புரதத்தை எக்ஸ் கதிர்ப் படிகவியல் முறையில் ஆராய்ந்தார். 1954-இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, அது மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட அமைப்பு என்று எழுதினார். 1963-இல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் வெளியிட்ட ‘ராமச்சந்திரன் வரைபடம்’ இன்று உலகெங்கும் புரதங்களின் அமைப்பைச் சரிபார்க்கும் அளவுகோல். சென்னையை விட்டுப் போகாமல், சென்னையிலேயே ஆய்வு மாணவராகச் சேர்ந்து, உலகத் தரத்தில் கண்டுபிடிக்க முடியும் என்பதற்கு இயற்பியலில் கிடைத்த உறுதியான சான்று அது.

படிகவியலுக்கு இடம் கிடைத்துவிட்டது. கோட்பாட்டு இயற்பியலுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

ஏகாம்ர நிவாஸ்

அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் மயிலாப்பூரின் லஸ் பகுதியில் கட்டிய வீட்டின் பெயர் ஏகாம்ர நிவாஸ். அவருடைய மகன் அல்லாடி ராமகிருஷ்ணன் தந்தையின் சட்டத் தொழிலைத் தேர்ந்தெடுக்காமல் இயற்பியலுக்கு வந்தார். 1947-இல் பம்பாயில் இயற்பியலாளர் ஹோமி பாபாவிடம் சேர்ந்தார். மான்செஸ்டரில் முனைவர் பட்டம் பெற்றார். திரும்பி வந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். 1957-58-இல் ஓப்பன்ஹைமரின் அழைப்பில் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்தில் ஓராண்டு இருந்தார். அங்கே நாள்தோறும் கேட்ட கருத்தரங்குகள் அவர் மனத்தில் ஆழப் பதிந்தன. புதிய ஆராய்ச்சி அச்சாகும்வரை அங்கே யாரும் காத்திருப்பதில்லை. பேச்சிலேயே அது பரவுகிறது. ஊர் திரும்பியவர் அதே பழக்கத்தைத் தம் வீட்டில் தொடங்கினார்.

நாய்மன் கோனிக்ஸ்பெர்க்கில் சொந்த வீட்டோடு ஆய்வுக்கூடம் வைத்துக்கொண்ட அதே நிலைமைதான் இங்கும். நிறுவனம் இல்லாத இடத்தில் வீடு நிறுவனமாயிற்று. ‘கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கு’ என்று அதற்குப் பெயர். முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்த இளைஞர்கள் அங்கே கூடினார்கள். அடிப்படைத் துகள்கள், ஃபைன்மன் வரைபடங்கள், நிகழ்தகவு சார்ந்த செயல்முறைகள் என்று அன்று கொதித்துக்கொண்டிருந்த பொருள்களை எடுத்துக்கொண்டு ஒருவர் பேச, மற்றவர்கள் குறுக்கிட்டுக் கேட்பார்கள்.

இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டு இயற்பியலாளர்களையும் ராமகிருஷ்ணன் லஸ்ஸுக்கு வரவழைத்தார். அப்துஸ் சலாம் வந்தார். 1961-இல் பெங்களூர்க் கோடைப் பள்ளிக்கு வந்திருந்த மர்ரே ஜெல்மனும் ரிச்சர்ட் டாலிட்ஸும் வந்தார்கள். துகள்களை எண்வழிச் சமச்சீரில் அடுக்கும் தம் கருத்தை ஜெல்மன் முன்வைத்த ஆண்டு அது. உலகின் பெரிய பல்கலைக்கழகங்களே அப்போதுதான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தன. மயிலாப்பூரின் ஆய்வு மாணவர்கள் அதை எழுதியவரிடமே கேள்வி கேட்கும் நிலையில் இருந்தார்கள். சோமர்ஃபெல்ட் வந்த 1928-க்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்: அன்று ஒரு மாணவர் தனியாக ஹோட்டலைத் தேடிப் போனார். 1961-இல் வந்தவரை வரவேற்க, முன்கூட்டியே படித்துத் தயாராக ஒரு குழு இருந்தது.

அந்தக் குழுவில் பெண்களும் இருந்தார்கள் என்பது அக்காலத்துக்குச் சாதாரணமானதல்ல. கேரளத்திலிருந்து வந்த டி.கே. ராதா அவர்களில் ஒருவர். துகள் இயற்பியலில் அவர் செய்த ஆய்வைப் பார்த்து 1965-இல் ஓப்பன்ஹைமர் அவரைப் பிரின்ஸ்டனுக்கு அழைத்தார். துங்கா சத்யபால், ஜி. பாமதி ஆகியோரும் அந்தக் கருத்தரங்கில் வளர்ந்தவர்கள். பாமதி பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியரானார்.

நீல்ஸ் போர் சொன்ன சொல்

1960 ஜனவரியில் டென்மார்க் இயற்பியலாளர் நீல்ஸ் போர் இந்தியாவுக்கு வந்தார். சென்னையில் ஏகாம்ர நிவாஸுக்கும் போய் மாணவர்களைச் சந்தித்தார். பயணத்தின்போது, இந்தியாவில் தம்மைக் கவர்ந்தவை எவை என்று செய்தியாளர்கள் கேட்டதற்கு, பம்பாயில் பாபாவின் பெரிய நிறுவனத்தையும் சென்னையில் ராமகிருஷ்ணனின் சிறிய குழுவையும் அவர் சேர்த்துக் குறிப்பிட்டார். ஒன்று பேரளவில் பணமும் கட்டடமும் உள்ள தேசிய நிறுவனம். மற்றொன்று ஒரு வீட்டில் கூடும் இளைஞர்கள். அவ்விரண்டையும் ஒரே மூச்சில் போர் சொன்னது பிரதமர் நேருவின் கவனத்துக்குப் போயிற்று.

மாநிலத்தில் அப்போது கல்வியையும் நிதியையும் சேர்த்துக் கவனித்தவர் காமராஜர் அமைச்சரவையின் சி. சுப்பிரமணியம். கருத்தரங்கின் மீது அவருக்கும் அக்கறை இருந்தது. 1961 அக்டோபரில் நேரு சென்னைக்கு வந்தபோது ராஜ்பவனில் இந்த மாணவர்கள் பிரதமரைச் சந்திக்க அவர் வழிசெய்தார். அதன் பிறகு வேலை விரைந்து நடந்தது. 1962 ஜனவரி 3 அன்று கணித அறிவியல் நிறுவனம், அதாவது ‘மேட்சயன்ஸ்’ தொடங்கப்பட்டது. விழா நடந்த இடம் மாநிலக் கல்லூரி. விழாவில் பங்கேற்று வாழ்த்தியவர் அதே கல்லூரியில் படித்துக் கடல் கடந்து போன சந்திரசேகர்.

21 ஆண்டுகள் மேட்சயன்ஸின் இயக்குநராக இருந்தார் ராமகிருஷ்ணன். லஸ்ஸில் தொடங்கிய பழக்கத்தையே அவர் நிறுவனத்தின் நடைமுறையாக்கினார். வெளிநாட்டறிஞர்களை வருகைப் பேராசிரியர்களாக அழைத்து ஆண்டுதோறும் மாநாடுகள் நடத்தினார். அங்கே ஆற்றிய உரைகள் நியூயார்க்கின் பிளீனம் பதிப்பகத்தின் வழியே தொகுதிகளாக வந்தன. ஏகாம்ர நிவாஸ் மாணவர்களில் ஏ.பி. பாலச்சந்திரன் அமெரிக்காவின் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய்த் துகள் கோட்பாட்டில் பெரும் பெயர் பெற்றார்.

கருத்தரங்கிலிருந்து வகுப்புக்கு

ஒரு முனைவர் கருத்தரங்கின் பலனை அதில் உட்கார்ந்தவர்களின் பெயர்ப் பட்டியலோடு நிறுத்திவிடக் கூடாது. அது திரும்பி வந்து கீழ் வகுப்புகளைத் தொட்டதா என்பதும் முக்கியம். சென்னையில் தொட்டது. ராமகிருஷ்ணனிடம் ஆய்வு செய்த பி.எம். மாத்யூஸ் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார், கே. வெங்கடேசன் மேட்சயன்ஸில் இருந்தார். இருவரும் சேர்ந்து எழுதிய குவாண்டம் இயக்கவியல் பாடநூல் 1976-இல் டாடா மெக்ரா-ஹில் வெளியீடாக வந்தது. இந்தியா முழுவதும் எம்.எஸ்சி. இயற்பியல் மாணவர்கள் ‘மாத்யூஸ்-வெங்கடேசன்’ என்றே அதைச் சொல்கிறார்கள். பெரிதும் வெளிநாட்டு ஆசிரியர்களின் நூல்களைக் கொண்டு குவாண்டம் இயக்கவியலைக் கற்பித்துவந்த கல்லூரிகளுக்கு, சென்னையில் வேலை செய்த இருவர் எழுதிய முழுப் பாடநூல் கிடைத்தது.

தரமணியில் இன்று இந்திய அணுசக்தித் துறையின் நிதியில் இயங்கும் கணித அறிவியல் நிறுவனத்தில், தேசிய அளவிலான நுழைவுத் தேர்வின் வழியே வந்த மாணவர்கள் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறார்கள். ஆய்வுக்கான படி இப்போது உள்ளூரிலேயே இருக்கிறது. ஆனால் பி.எஸ்சி. வகுப்புக்கும் அந்தப் படிக்கும் இடையே உள்ள இடைவெளி இன்னும் பெரிதாகவே உள்ளது. கோவில்பட்டியிலோ திருவண்ணாமலையிலோ இயற்பியல் படிக்கும் மாணவி, மூன்றாண்டுப் படிப்பில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையைக்கூடப் பார்க்காமல் பட்டம் வாங்கிவிட முடியும். முப்பட்டகக் கோணத்தை அளந்து, குறிப்பேட்டில் வந்த விடையை எழுதி, கையொப்பம் வாங்கிவிட்டால் செய்முறைத் தேர்வு முடிந்துவிடுகிறது. பட்டைகள் ஏன் ஒரு பக்கம் வேறு மாதிரி இருக்கின்றன என்று அவள் கேட்டால், அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ள ஒரு மணி நேரம் அட்டவணையில் இருக்க வேண்டும்.

இதற்குப் புதுக் கட்டடம் வேண்டியதில்லை. ஜோன்ஸுக்கும் கிருஷ்ணனுக்கும் அப்படி எதுவும் இருக்கவில்லை. கல்லூரியில் வாரத்துக்கு ஒரு மணி நேரம். மதிப்பெண் இல்லாத, வருகைப் பதிவு இல்லாத ஒரு கூட்டம். அண்மையில் வந்த ஒரு கட்டுரையை மாணவர்களோடு சேர்ந்து வாசிக்கும் துணிவுள்ள ஓர் ஆசிரியர் போதும். நாய்மனின் காலத்தில் ஒரு கட்டுரை கைக்கு வர மாதங்கள் ஆகும். இன்று இயற்பியலின் பெரும்பகுதி ஆய்வுகள் எழுதிய மறுநாளே கட்டணமின்றி யாரும் படிக்கக் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றை எடுத்து வகுப்பில் வைக்கும் உரிமையைப் பாடத்திட்டக் குழுக்கள் ஆசிரியர்களுக்குக் கொடுக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தைப் பணிச்சுமைக் கணக்கிலும் சேர்க்க வேண்டும்.